பெயர் எழுதும் இடம்

காலை பதினொன்று இருபது.

இஸ்லாத்தில் சேரக் கலிமா சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தியோ பூன் கியாட் சமய அலுவலகத்தின் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே படிவம். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

இஸ்லாமியப் பெயர்.

வெளியே தைப்பிங் நகரத்து மழை.

அடுத்த மாதம் அவன் மணக்கப்போகும் சுரயாவுக்கு ரய்யான் என்ற பெயர் பிடித்திருந்தது. அவள் அம்மா ஹம்ஸா என்றார். அவன் வேலை பார்க்கும் கார் பட்டறையில் போன வாரமே கேலியைத் தொடங்கிவிட்டார்கள். “ஹாஜியாரே, அந்த ஜாக்கியைக் கொஞ்சம் தள்ளுங்க.”

ரய்யான். வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போலிருந்தது.

எழுதினான். அடித்தான்.

கலிமா சொல்லிக்கொடுத்த சமய ஆசிரியர், உஸ்தாஸ் ஜம்ரி, இன்னொரு தாளை நகர்த்தினார்.

“இது மூணாவது தாள், தம்பி. பேரை மாத்தியே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது. உன் பேருக்குக் கெட்ட அர்த்தம் இல்லேன்னா அப்படியே இருக்கட்டும். இல்ல, முன்னாடி ஒண்ணைச் சேத்துக்க. உன் இஷ்டம்.”

கட்டாயம் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பான்.

பெயரின் நடுவில் வரும் பூன் அண்ணன்கள் இருவருக்கும் அவனுக்கும் பொது. அப்பா பார்த்துப் பார்த்து வைத்தது. அந்தச் சீன எழுத்தின் கோடுகள் நேராக வரும்வரை மூவரையும் சாப்பாட்டு மேசையை விட்டு எழ விட்டதில்லை.

அப்பாவிடம் மதம் மாறப்போவதைச் சொல்ல இரண்டு வருடம் நாள் பார்த்தான். சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னான். மறுநாள் அவனுக்கென்று தனியாக, பன்றிக்கறி படாத ஒரு புதுச் சட்டி வாங்கி வந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை.

ஹம்ஸா என்று எழுதினான். அதன் பக்கத்தில் தியோ. இரண்டு அந்நியர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எதை அடிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது.

அம்மா.

பின்னால் இயந்திரம் எதையோ அறுக்கும் சத்தம். அம்மா கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஆ கியாட், கல்லுக் கடையில நிக்கிறேன்டா. கல்லறை கும்பிடற நாளுக்கு முன்னாடி அப்பா தலமாட்டுல கல்லை நட்டாகணும். அப்பா பேரு வெட்டியாச்சு. கீழ பிள்ளைங்க பேருல பெரியவனோடது ஆச்சு, நடுவுலவனோடது ஆச்சு. மூணாவது இடத்தைத் தொடாதேன்னு சொல்லிட்டேன். கல்லு வெட்டுறவன் உளிய வெச்சிக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குறான்.”

சத்தம் நின்றது. அம்மாவும் குரலைத் தாழ்த்தினாள்.

“இப்ப உன் பேரு என்னடா?”