வெட்டுவதற்கு ஒரு கழுத்து

"அந்த ஒட்டகத்துக்குப் பின்னால போகாதடா! அது உதைக்கிற ஒட்டகம்!"

ஹுலைஸ் ஓடிப்போய் கிர்வாஷின் தோளைப் பிடித்து இழுத்தான். அடுத்த நொடி ஒட்டகத்தின் கால் காற்றில் பறந்தது.

"நல்லவேளை அண்ணே, மண்டை போயிருக்கும்," என்றான் கிர்வாஷ்.

"யாருடா உனக்கு அண்ணன்? உன் கழுத்தை வெட்டப் போறவன்டா நான்."

"தெரியும் அண்ணே. புனித மாசம் முடியட்டும்."

சந்தையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கிர்வாஷ் வேறு குலத்தான். கிணற்றடியில் யார் ஒட்டகம் முதலில் தண்ணீர் குடிப்பது என்று வந்த தகராறில் ஹுலைஸின் தம்பியைக் குத்திக் கொன்றவன். பழிக்குப் பழி வாங்குவதாக, குலதெய்வக் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தான் ஹுலைஸ்.

ஆனால் புனித மாதத்தில் யாரும் வாளை உருவக் கூடாது. பெற்ற தகப்பனைக் கொன்றவனே எதிரில் வந்தாலும் ஒதுங்கித்தான் போக வேண்டும். அந்தத் தைரியத்தில் கிர்வாஷ் தோல் மூட்டையோடு தன்னந்தனியாகச் சந்தைக்கு வந்துவிட்டான்.

நிம்மதி போனது ஹுலைஸுக்குத்தான். மாதம் முடிவதற்குள் இவன் கிணற்றில் விழுந்து செத்துத் தொலைத்தால்? பாம்பு கடித்தால்? சத்தியம் என்ன ஆவது?

தாய் ரைத்தா வேறு கறாராகச் சொல்லியிருந்தாள்.

"அவன் சாகுறதா இருந்தா உன் கையாலதான் சாகணும். வேற எதனாலயாவது செத்தான்னா, நீ என் கூடாரத்துக்குள்ள கால் வைக்காதே!"

அதனால் கிர்வாஷ் போகிற இடமெல்லாம் ஹுலைஸும் போனான். அவன் வாங்கிய பேரீச்சம்பழத்தைத் தான் முதலில் கடித்துப் பார்த்தான். அவன் படுக்கிற இடத்தில் தேள் இருக்கிறதா என்று பாயை உதறிப் போட்டான்.

"பழி வாங்க வந்தியா, மாப்பிள்ளைத் தோழனா வந்தியா?" என்று கேட்டான் பெரியப்பா மகன் முர்ரா.

ஒருநாள் உச்சி வெயிலில் கிர்வாஷ் தன் தோல் மூட்டை மேலேயே சுருண்டு விழுந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. பழி உள்ளவனைத் தொட்டால் வம்பு என்று யாரும் கிட்டே போகவில்லை. ஹுலைஸ் அவனை முதுகில் சுமந்துகொண்டு தாயின் கூடாரத்துக்கு ஓடினான்.

"இவனை ஏன்டா இங்க கொண்டு வந்து போடுற?"

"செத்துடுவான் போலிருக்கும்மா."

ரைத்தா பல்லைக் கடித்தாள். "படுக்க வை. என் பிள்ளையைக் கொன்னவன் காய்ச்சல்ல செத்துத் தப்பிச்சிடக் கூடாது."

வாற்கோதுமையைப் பாலில் காய்ச்சி அவன் வாயில் ஊற்றினாள்.

"குடி. குடிச்சாத்தான் பிழைப்ப. பிழைச்சாத்தான் சாவ!"

அவன் கண் திறக்காமல் பிதற்றினான். "அம்மா... தண்ணி..."

"நான் உன் அம்மா இல்ல. வாயைத் திற."

காய்ச்சல் விட்டதும் இருந்த ஒரே ஆட்டையும் அறுத்தாள். முர்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"சின்னம்மா, பகையாளிக்கா கறிச்சாறு?"

"பின்ன? எலும்பும் தோலுமா இருக்கிறவனை வெட்டினா ஊர் சிரிக்காதா? வெட்டுற மாதிரி ஒரு கழுத்து வேண்டாமா?"

தினமும் அந்திவேளையில் தாய் சொன்னபடி ஹுலைஸ் வாளைத் தீட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து கறியைச் சுவைத்துக்கொண்டே கிர்வாஷ் யோசனை சொன்னான்.

"அண்ணே, நுனிப்பக்கம் இன்னும் மழுங்கலா இருக்கு பாருங்க."

ஹுலைஸ் தீட்டுவதை நிறுத்தினான். இவனை எப்படி வெட்டுவது? ஆனால் தாயிடம் அதைச் சொல்லவா முடியும்?

மாதக் கடைசி நாள். பிறை தெரிந்துவிட்டால் புனித மாதம் முடிந்துவிடும். பிறை பார்க்க இரண்டு குலத்தாரும் மணல்மேட்டில் கூடினார்கள். தெய்வக் கல்லின் பூசாரி கோலை ஊன்றி முன்னால் நின்றார். இன்னும் பலம் வராத கிர்வாஷ், ஹுலைஸின் தோளில் சாய்ந்து நின்றான்.

வானத்தில் மேகமே இல்லை. மேற்கே நகத்துண்டு போல் பிறை எட்டிப் பார்த்தது.

முதலில் பார்த்தவன் கிர்வாஷ்தான். சும்மா இருக்க முடியாமல் கத்தினான்.

"அதோ! அதோ பாருங்க அண்ணே, என் விரலுக்கு நேரா!"

"கையை இறக்குடா, மடையா!" என்று பல்லிடுக்கில் உறுமினான் ஹுலைஸ்.

கூட்டம் முழுக்கப் பார்த்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. பூசாரி ரைத்தா பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிறைக்காக அதிகமா காத்திருந்தவ நீதான் தாயி. நீயே சொல்லு. தெரியுதா?"

ஹுலைஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

ரைத்தா மேற்கே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கிர்வாஷைப் பார்த்தாள்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"சின்னம்மா, அதோ, கண்ணுக்கு முன்னாலயே..." என்றான் முர்ரா.

"உன்னைக் கேக்கல. டேய் கிர்வாஷ், காய்ச்சல்காரன் குளிர்காத்துல நிக்கிற! கூடாரத்துக்குள்ள போடா."

பூசாரி தொண்டையைச் செருமினார்.

"பரவாயில்ல தாயி. இன்னிக்குத் தெரியலேன்னா, நாளைக்குக் கட்டாயம் தெரியும்."

"நாளைக்கும் எனக்குத் தெரியாது," என்றாள் ரைத்தா.