விடாமல் சுற்றிய பம்ப்

நடுக்கடலில் விசைப்படகின் என்ஜின் கொதித்தது. "தண்ணி எங்கடா?" என்று கத்தியது.

கடல்நீரை இழுத்துத் தரும் பம்புக்குக் கோபம் வந்தது. "நான் நின்னேனா? சுத்திக்கிட்டேதானே இருக்கேன்!"

பின்னாலிருந்து புகைக்குழாய் இருமியது. "எப்பவும் புகையோட தண்ணியும் துப்புவேன். இன்னைக்கு வாய் காய்ஞ்சு கிடக்குதுண்ணே. கீழே ஏதாவது அடைச்சிருக்கும்."

"இறைக்கிறவன் வேலை துப்புறவனுக்கு என்ன தெரியும்?" என்ற பம்ப், விடாமல் சுற்றியது.

ரப்பர் கருகும் வாடை வந்ததும் படகுக்காரர் கஸ்பார் என்ஜினை அணைத்தார். கடலில் இறங்கி, படகின் அடியில் பம்புக்குத் தண்ணீர் நுழையும் துளையை அடைத்திருந்த பிளாஸ்டிக் பையை உருவினார். பிறகு பம்பைக் கழற்றித் திறந்தார். தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நடுவிலிருந்த அச்சை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றது பம்ப். "முன்னைவிட லேசாவே சுத்துறேன்!"