இடப்பக்க நட்டு

"நீங்க ஏன் அலையணும் அண்ணி? ஒரு போன் போட்டிருந்தா ஆளை அனுப்பியிருப்பேனே" என்றபடி டயர்க்கடைக்காரர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

ஜீப்பை ஓட்டி வந்த அண்ணி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். பதினெட்டு வருஷமாக அந்தப் பழைய ஜீப் இந்தக் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. எப்போதும் அண்ணன் ஓட்டுவார், அண்ணி பக்கத்துச் சீட்டில் இருப்பார். அண்ணன் தவறி இன்றோடு இருபது நாள்.

இன்று பக்கத்துச் சீட்டிலிருந்து இறங்கியது வேறொரு பெண்மணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்தாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை. நாத்தனாராக இருக்கும் என்று கடைக்காரர் முடிவுகட்டினார். பேசாத நாத்தனாரை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"விஷயம் தெரிஞ்சதும் உங்க ஊருக்கே வந்தேன் அண்ணி. கூட்டத்துல உள்ள நுழைய முடியல. உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வாசல்லயே ரொம்ப நேரம் நின்னேன்."

"நான் அங்க இல்லை" என்றார் அண்ணி.

மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் போல. கடைக்காரர் உச்சுக்கொட்டினார். அண்ணியின் முகம் அழுத முகமாகவும் இல்லை, அழப்போகிற முகமாகவும் இல்லை. மரத்துப் போயிருந்தது.

"நாளைக்கு வண்டியை வாங்க ஆள் வருது" என்றார் நாற்காலியில் இருந்தவர். "டயரெல்லாம் வெடிப்பு விட்டிருக்கு, ரிம்மெல்லாம் துருன்னு சொல்றாங்க. மாத்திக் குடுங்க. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இவ சொல்லுவா."

கடைக்காரர் மனசுக்குள் திட்டினார். இருபது நாள் பொறுக்கவில்லை, அதற்குள் விலை பேசியாயிற்று. அண்ணன் உயிரையே வைத்திருந்த வண்டி. வேண்டாம் என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்கிற மாதிரி தெரியவில்லை.

"விக்கிற வண்டின்னா அலாய் வீல் போட்டுடலாம் அண்ணி. பளபளன்னு இருக்கும். அதுக்கு நல்ல அகல டயர். பார்க்கிறவன் மயங்கிடுவான்."

"அகல டயர் வளைவுல திரும்பறப்போ உள்ள உரசும்" என்றார் அண்ணி, பாடத்தை ஒப்பிப்பது போல. "ஸ்டியரிங்கும் கல்லா கனக்கும்."

"அப்போ சேத்துல போறதுக்குன்னு பட்டன் டயர் இருக்கே?"

"தார் ரோட்டுல இரைச்சல் காதைக் கிழிக்கும். அவருக்குப் பிடிக்காது" என்றவர், "பிடிச்சதில்லை" என்று திருத்திக்கொண்டார்.

இதற்குள் கடையின் வேலையாள் இடப்பக்கச் சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி அதன்மேல் ஏறியே நின்றுவிட்டார். நட்டு அசைந்து கொடுக்கவில்லை.

"அப்படிச் சுத்தாதீங்க, முறிஞ்சுடும்." அண்ணி போய் ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். "இந்த வண்டியில இடப்பக்க நட்டு மட்டும் எதிர்ப்பக்கமா கழட்டணும்." மறுபக்கமாக ஓர் அழுத்து. நட்டு சொன்ன பேச்சைக் கேட்டது.

நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்தார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"மலை ரோட்டுல அடிக்கடி பஞ்சராகும் அக்கா. அவர் ஜாக்கி வைப்பார், நான் நட்டு கழட்டுவேன்."

"எத்தனை தடவை?"

"எண்ணினதில்லை."

அந்த அக்கா கழற்றிப் போட்ட நட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா வருத்தமா என்று கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவர் கேட்டார்: "சரி, உன்னைக் கேட்டா எதைப் போடுவ?"

"விக்கிறதுக்கா, ஓட்டறதுக்கா?"

"ஓட்டறதுக்கு."

"முன்னாடி இருந்த மாதிரியே பதினாறு இன்ச் இரும்பு ரிம். ஒல்லி டயர். அஞ்சு வேணும்."

"சக்கரம் நாலுதானே?"

"பின்னாடி ஸ்டெப்னி ஒண்ணு தொங்குதே அக்கா."

"அதையே போடுங்க" என்றார் அக்கா கடைக்காரரைப் பார்த்து.

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. நாளைக்கு விற்கிற வண்டிக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து டயரா? நமக்கென்ன வந்தது என்று வாரண்டி அட்டையை எடுத்தார். "வாங்க வர்றவர் பேர் சொல்லுங்கக்கா. அவர் பேர்லயே எழுதிடறேன்."

"அவரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இவ பேர்ல எழுதுங்க."

அண்ணி நிமிர்ந்தார். "வேண்டாம் அக்கா. எனக்கு எதுக்கு?" என்றவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவும் மறந்துபோனார்.

"எழுதுங்க" என்றார் அக்கா மறுபடியும்.

கடைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாத்தனார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும். இத்தனை நேரம் மனசுக்குள் திட்டியதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

"அப்போ, அண்ணனோட மனைவின்னு போட்டுடறேன்."

"மனைவி நான்" என்றார் அந்த அக்கா, குரலை உயர்த்தாமல். "அவர் இவளை வச்சிருந்தார், வண்டியை இவ வச்சுக்கட்டும்."