சிவப்பு அம்புக்குறி

திரையில் இருந்த படத்தில் அம்புக்குறியை இடப்பக்கமாக வளைத்தாள் தங்கை. தள்ளி நின்று பார்த்தாள். போதாது என்று இன்னும் கொஞ்சம் தடிமனாக்கினாள்.

டேபிள் ஃபேன் இறக்கைக்கு நடுவே இருக்கும் மூடியை அந்தச் சிவப்பு அம்பு சுற்றிக்கொண்டு போனது. பக்கத்தில் அவளே, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, ஏதோ சாதித்துவிட்டவள்போல் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு. மேலே மஞ்சள் எழுத்தில், "இந்த ஃபேனுக்கு அக்கா எதுக்கு? நானே கழட்டுறேன்!"

அம்பு தப்பு. சுத்தத் தப்பு.

மற்ற திருகெல்லாம் இடப்பக்கம் திருப்பினால் கழலும். இந்த மூடி மட்டும் வலப்பக்கம் திருப்பினால்தான் வரும். இடப்பக்கம் திருப்பத் திருப்ப இறுகிக்கொண்டே போய்க் கடைசியில் உடையும். அக்கா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள், சொல்லிச் சொல்லி எத்தனை குட்டு வைத்திருப்பாள்!

தெரிந்தேதான் தப்பாகப் போட்டாள் தங்கை.

சேனல் இரண்டு பேருக்கும் பொது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஃபேன் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்து சரியாக்குவது அக்கா. அதைப் படம்பிடிப்பதும், ஃபேஸ்புக்கில் போடத் தம்ப்நெயில் செய்வதும் தங்கை. வீடியோ என்னதான் நன்றாக இருந்தாலும், முகப்பில் இருக்கிற அந்தச் சின்னப் படம் ஆளை இழுக்காவிட்டால் ஈ காக்கா எட்டிப் பார்க்காது என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சிதான் வினையாகிப் போனது.

போன மாதம் ஒரு பழைய ரேடியோவைத் திறந்தபோது தூசி பறந்து அக்காவுக்குத் தும்மல் வந்தது. தும்மலுக்குக் கொஞ்சம் முன்னால், வாய் பிளந்து கண் சொருகி நின்ற அந்த மூஞ்சியை அப்படியே வெட்டி எடுத்து, கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீரும் வைத்து, "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று எழுதிப் போட்டுவிட்டாள் மகராசி.

கூட்டம் அலைமோதியது. சேனலுக்கு இல்லை, வீட்டுக்கு.

அக்காவின் மாமியார் வழியெல்லாம் அழுதுகொண்டே பஸ் பிடித்து வந்து இறங்கினார். கதவைத் திறந்தது அக்காதான்.

அன்றோடு பேச்சு நின்றது. அக்கா மாடியில், தங்கை கீழே. மன்னிப்புக் கேட்டாயிற்று, கெஞ்சியாயிற்று, அக்கா வீட்டுக்காரரைத் தூது விட்டும் பார்த்தாயிற்று. அவளும் வேண்டாம், அவள் சேனலும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அக்கா.

சேனல் கிடக்கட்டும். குட்டு வைக்க ஆளில்லாமல் தங்கைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் இது நிரந்தரமாகிவிடுமோ என்று பயம் வேறு பிடித்துக்கொண்டது.

கெஞ்சினால் இறங்கி வருகிறவள் இல்லை அக்கா. ஆனால் ஒரு மெஷினை யாராவது தப்பாகத் தொட்டால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. காய்ச்சலோடு டாக்டரிடம் போன இடத்தில், ஃபேன் சத்தம் போடுகிறதென்று நாற்காலி மேல் ஏறி நின்றவள் அவள்.

"இன்று மாலை வெளியாகும்" என்று கீழே ஒரு வரி சேர்த்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு படத்தைப் போட்டாள் தங்கை.

கமெண்ட் வரத் தொடங்கியது. அம்பு மாறிப்போச்சு தங்கச்சி என்றார் ஒருவர். பேசாமல் அக்காவைக் கூப்பிடு தாயே என்றார் இன்னொருவர். தங்கை எதையும் அழிக்கவில்லை. கண் போனில் இருந்தாலும் காதெல்லாம் மாடிப்படியில்தான்.

படியில் ஒரு அரவமும் இல்லை. நேரம் ஆக ஆக அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒருவேளை பார்க்கவே இல்லையோ என்னவோ. பார்த்தும் எக்கேடு கெட்டுப்போ என்று விட்டுவிட்டாளோ. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

அக்கா உள்ளே வந்தாள். கையில் டூல் பாக்ஸ். தங்கையை ஏறிட்டும் பார்க்காமல் நேரே ஃபேனிடம் போய், மூடி உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்னு உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி. நாளைக்கு ஊரே ஃபேனை உடைச்சுட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கும்."

நம்ம வாசல் என்றாள். தங்கை சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்னும் ஒரே ஒரு பயம்தான் பாக்கி. எங்கே அந்த வீடியோ, என்ன லட்சணத்தில் எடுத்து வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. காட்ட ஒன்றும் கிடையாது. வீடியோவே எடுக்கவில்லை. மொத்தத்தில் இருந்தது அந்த ஒரு படம்தான். அதுவும் ஒரே ஒரு ஆள் பார்ப்பதற்காகச் செய்தது.

அக்கா கேட்கவில்லை. ஃபேனை மேசை நடுவுக்கு நகர்த்தினாள். வெளிச்சம் விழுகிற பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேடிக்கை பார்த்தது போதும். கேமராவை எடு."

தங்கை அதை எடுத்து, அக்காவின் முகத்தைத் திரையில் கிட்டே கொண்டுவந்தாள்.

கோபம் தலைக்கேறிப் போட்டது போட்டபடி ஓடிவந்த அக்கா, முகத்துக்கு அளவாகப் பவுடர் பூசி, தலையை வழித்து வாரி, கண்ணுக்கு மையும் இட்டுக்கொண்டு வந்திருந்தாள்.