குரங்கின் கையில் கூடாரச் சாவி

சிறுமலை அடிவாரத்து முகாமில் ஏழாம் வகுப்பு மொத்தமும் அண்ணாந்து நிற்கிறது. புளியமரக் கிளையில் ஒரு குரங்கு சாவியைக் கடித்துப் பார்க்கிறது. கீழே, புஷ்பமேரி டீச்சரின் கூடாரத்து ஜிப்பில் பித்தளைப் பூட்டு வெயிலில் மின்னுகிறது. டீச்சர் உள்ளே இருக்கிறார். வாடகைக் கூடாரம், கிழிக்க முடியாது. விடிந்ததும் விளையாட்டாகப் பூட்டியவள் ஷைனி. சாவியைப் பாறைமேல் வைத்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்த நேரத்தில்தான் குரங்கு இறங்கி வந்தது. இன்னும் செத்த நேரத்தில் ஹெட்மாஸ்டரின் ஜீப் வந்துவிடும். கொய்யா எறிந்தாயிற்று, தின்றுவிட்டது. கூச்சல் கூடக் கூட, சாவியை இன்னும் உயரத்தில் ஆட்டிக் காட்டுகிறது. ஷைனிக்கு அந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். வகுப்பில் தினமும் அவள் ஆடுவதுதான். பல்லைக் கடித்துக்கொள்கிறாள். “ஏலே, எல்லாரும் மரத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. யாராச்சும் சிரிச்சீக, அம்புட்டுத்தேன்.” நாற்பது பேரும் திரும்புகிறார்கள். “என்னடி, சத்தத்தையே காணோம்?” என்கிறார் டீச்சர் உள்ளிருந்து. “யாரும் பாக்கலைன்னா அதுக்குச் சலிச்சிரும் டீச்சர். எனக்கும் அப்படித்தேன்.” புளிய இலைகள் மட்டும் சலசலக்கின்றன. பின்னால், சருகின்மேல் ஏதோ விழுகிறது. திரும்பிப் பார்க்கப்போன பிராங்கிளினின் காதைப் பிடித்து நிறுத்துகிறாள் ஷைனி. இப்போது பார்த்தால் குரங்கு மறுபடியும் எடுத்துக்கொள்ளும். அவளாக இருந்தால் எடுத்துக்கொள்வாள். வலது காலை மட்டும் பின்னால் நீட்டி மெல்லத் துழாவுகிறாள். கட்டைவிரலுக்கடியில் சாவி, எச்சில் ஈரத்தோடு. அதன்மேல் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, வகுப்பில் எப்போதும் வைத்துக்கொள்ளும் அதே அப்பாவி முகத்தோடு, வானத்தைப் பார்க்கிறாள்.