அசையாதவர்

இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்து கட்டைப் பிரித்த அன்று, செண்பகவல்லி வீட்டுக்கு வந்ததும் நேரே கணவர் தவமணியின் அறைக்குப் போனாள். கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய் விரிப்பைத் தடவினாள். அவரது சூடான தோள் கையில் தட்டுப்பட்டது. பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போய் இரண்டு வருடமாகப் படுத்திருப்பவர் அங்கேதான் இருந்தார். அவள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

மருத்துவமனைக்கு போன் செய்தாள்.

“இந்தப் புது லென்ஸ் பார்வையில விழுற கறையைத் தானா அழிச்சிரும்மா,” என்றாள் அங்கிருந்த பெண். “மனுசங்கன்னா அசைவாங்கன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கு. அசையாதவங்களையும் கறைன்னு நினைச்சுக்குது. சரிபண்ண மூணு மாசமாகும்.”

“அப்ப லென்ஸை எடுத்துருங்க.”

“எடுத்தா பார்வையே போயிரலாம்மா.”

செண்பகவல்லி கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். “ஏங்க, எங்கண்ணுக்கு நீங்க தெரியல. கொஞ்சம் அசைங்களேன்.”

அவரால் அசைக்க முடிந்தது இடது கைக் கட்டைவிரலை மட்டும்தான். வெறும் விரிப்பின்மேல் அந்த ஒரு விரல் தோன்றியது. அதைப் பார்த்தபடியே ஆஸ்பத்திரிக் கதை எல்லாவற்றையும் சொன்னாள். மதியம் முழுக்க அவர் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அது நடுங்கத் தொடங்கியது.

“போதும், தூங்குங்க.”

விரல் மறைந்தது. செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கையைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தாள்.