அக்கரையில் ஒரு பிடி மண்

இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் ஒரு மலைக்கிராமத்துப் பெண்கள் விடிந்ததும் ஊர்க்கூடத்துக்கு வந்து, அக்கரையைக் கண்முன் காட்டும் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு களையெடுக்கத் தொடங்குவார்கள். கடலுக்கு அப்பால், மலேசியச் செம்பனைத் தோட்டத்தில் நிற்கும் இயந்திரங்களின் கைகள் இவர்கள் கைகளைப் போலவே அசையும். இவர்களுடைய சொந்தச் சோளக்காடுகளில் களை ஆளுயரம் மண்டிக் கிடந்தது.

அன்று யுஸ்தினாவுக்குத் தோட்டத்தின் கோடி வரிசை. புல்லை விலக்கியதும் மரச்சிலுவை ஒன்று தெரிந்தது. அதில் அவள் கணவன் ரொஃபினுஸின் பெயர்.

அந்தத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய், மரம் சாய்ந்து செத்தவன். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். ஊர் வழக்கப்படி வீட்டு முற்றத்தில், அவன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில், அவனுக்கென்று விட்ட இடம் காலியாகவே கிடந்தது.

“ஹெர்லினா, உங்க அண்ணன் இங்க இருக்காருடி.”

பக்கத்தில் வேலைசெய்த நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். “மண்ணு போடுங்க அண்ணி. நம்ம வீட்டு ஆளு யாரும் அவருக்கு மண்ணு போடலையே!”

யுஸ்தினா குனிந்து வெறுங்காற்றை அள்ளினாள். அக்கரையில் இரும்புக் கை ஒரு பிடி செம்மண்ணை அள்ளிச் சிலுவையடியில் போட்டது. ‘தேவையற்ற அசைவு’ என்று காதுக்குள் இயந்திரக் குரல் கண்டித்தது. அவள் இன்னொரு பிடி போட்டாள்.

புதைத்துவிட்டு வருகிறவர்கள் கை கழுவாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. சாயங்காலம் வாசலில் ஹெர்லினா செம்பிலிருந்து ஊற்ற, யுஸ்தினா இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்களில் வழிந்து விழுந்த தண்ணீர் செம்பில் இருந்தது போலவே தெளிவாக இருந்தது.

“இன்னும் ஊத்துடி,” என்றாள், மண்ணே படாத நகங்களைத் தேய்த்துக்கொண்டு.